கொள்ளைநோய் மனித இனத்தையே அழித்துவிடுமா: கேள்வியை எடைபோடும் முறை

புதிய நோய் ஒன்று எங்கோ தலைகாட்டிய சில நாட்களிலேயே, இது மனித இனத்தின் முடிவு என்ற பேச்சும் உடன் பரவத் தொடங்கிவிடுகிறது. அதைக் கேட்டு உறக்கம் இழப்பவர்கள் உண்டு. இதுபோல் எத்தனையோ கேட்டாயிற்று என்று ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. இரு சாராருமே கேள்வியை ஆராய்வதற்கு முன்பே விடையை எடுத்துக்கொண்டவர்கள். இந்தக் கேள்வியை ஓரளவு உறுதியாக எடைபோட முடியும். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. சில எண்களையும் சில வரலாற்று நிகழ்வுகளையும் ஒழுங்கான வரிசையில் வைத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். நான் கைக்கொள்ளும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

அழிவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. கோடிக்கணக்கானோர் இறந்து, நாடுகள் நிலைகுலைந்து, பல தலைமுறைகள் துயரத்தைச் சுமப்பது ஒன்று. பூமியில் ஒரு மனிதர்கூட மிஞ்சாமல் போவது மற்றொன்று. முன்னது வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. பின்னது ஒருமுறையும் நடந்ததில்லை. ஒரு கட்டுரையோ காணொளியோ முன்னதற்கான சான்றுகளை அடுக்கிவிட்டுப் பின்னதை முடிவாகச் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்தி அடிக்கோடிடுங்கள். இந்தத் தலைப்பில் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

இரண்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. அத்தனை பேரையும் ஒரு நோய் தொற்றி, நூற்றில் 99 பேரைக் கொன்றாலும் 8 கோடி பேர் எஞ்சுவார்கள். ஆயிரத்தில் 999 பேரைக் கொன்றால் எஞ்சுவோர் 80 லட்சம். உழவு தொடங்கிய காலத்தில் உலகம் முழுவதிலும் வாழ்ந்தவர்கள் சில பத்து லட்சம் பேர் என்றுதான் மதிப்பிடப்படுகிறது. அவர்களிடமிருந்துதான் நாம் இத்தனை பேரும் வந்தோம். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. எண்ணூறு கோடியில் எண்பது லட்சம் மட்டும் எஞ்சும் உலகத்தைக் கற்பனை செய்யவே மனம் கூசுகிறது. ஆனால் அளவுகோல் கையில் இல்லாமல் எதையும் அளக்க இயலாது.

இதுவரை நாம் கண்ட மிகக் கொடிய நிகழ்வுகளை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய பிளேக், அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொன்றது என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இங்கிலாந்தின் மக்கள்தொகை பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 1918இல் தொடங்கிய இன்ஃப்ளூயன்ஸா, அன்றைய உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைத் தொற்றியது. இறந்தோர் சுமார் 5 கோடி என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 180 கோடி என்பதால், அந்தப் பேரிழப்பும் நூற்றுக்கு மூன்றைத் தொடவில்லை. எய்ட்ஸ் நோய் 1981இல் மருத்துவர்களின் கண்ணில் பட்டது முதல் இன்றுவரை 4 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கிறது. கோவிட் பெருந்தொற்றின் முதல் இரண்டு ஆண்டுகளான 2020, 2021இல் மட்டும், வழக்கமான இறப்புகளுக்கு மேலாக ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

இந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஒன்றைத் தனியாகக் குறிக்க வேண்டும். 1492க்குப் பின் அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடி மக்கள் பெரியம்மை, தட்டம்மை போன்ற, அதற்கு முன் அறிந்திராத நோய்களுக்கு ஆளானார்கள். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குள் பல பகுதிகளில் மக்கள்தொகை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கிருமி மட்டுமே அதைச் செய்துவிடவில்லை. போர், அடிமைத்தனம், நிலப்பறிப்பு, பட்டினி ஆகியவை கிருமிக்குத் துணை நின்றன. நோய் ஒரு சமூகத்தைத் தாக்கும்போது அந்தச் சமூகத்துக்கு வேறு என்னவெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்று கேட்கும் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது இந்த வரலாறுதான். உங்கள் ஆய்விலும் அந்தக் கேள்விக்கு இடம் கொடுங்கள்.

நோயின் இயல்பை எண்களால் விசாரியுங்கள்

அடுத்த படி, செய்தியில் வரும் இறப்பு விகிதத்தைப் பிரித்துப் பார்ப்பது. நூற்றுக்கு இத்தனை பேர் இறக்கிறார்கள் என்று படித்தவுடன், எந்த நூறு என்று கேளுங்கள். நோயாளி என்று பரிசோதனையில் உறுதி செய்யப்பட்ட நூறு பேரா, கிருமி தொற்றிய நூறு பேரா? நோயின் தொடக்க நாட்களில் மருத்துவமனைக்கு வந்து சேரும் கடுமையான நோயாளிகள் மட்டுமே கணக்கில் ஏறுகிறார்கள். லேசான காய்ச்சலோடு வீட்டிலேயே குணமானவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே விகிதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். 2009இல் மெக்சிகோவிலிருந்து வந்த பன்றிக்காய்ச்சல் செய்திகள் முதலில் பெரும் அச்சத்தைத் தந்ததும், தொற்றியவர்களின் உண்மையான எண்ணிக்கை தெரியத் தெரிய விகிதம் மிகவும் தாழ்ந்துவிட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

பிழை எதிர்த்திசையிலும் நேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2003இல் சார்ஸ் பரவியபோது, அதுவரை இறந்தவர்களை அதுவரை கண்டறியப்பட்டவர்களால் வகுத்து நூற்றுக்கு நான்கு என்ற அளவில் சொன்னார்கள். மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கணக்கில் பிழைத்தவர்களைப் போலவே எண்ணப்பட்டார்கள். எல்லாம் முடிந்தபின் எண்ணிப் பார்த்தால் 8,096 நோயாளிகளில் 774 பேர் இறந்திருந்தார்கள். அதாவது பத்தில் ஒருவர். எனவே முதல் மாதத்தில் வரும் எந்த விகிதத்தையும் பென்சிலால் எழுதுங்கள்.

இறப்பு விகிதத்தைப் பார்த்த பிறகு, பரவும் வழியைப் பாருங்கள். வெறிநாய்க்கடி நோயில் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எல்லோருமே இறந்துவிடுகிறார்கள். ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்குச் சங்கிலியாகப் பரவுவதில்லை. தட்டம்மை, எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவக்கூடியது. ஆனால் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். மனித இனத்தை அழிக்கும் நோய் என்றால் இந்த இரண்டின் கொடுமையும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இயற்கையில் அந்தச் சேர்க்கை இதுவரை அமையவில்லை. எபோலா அதற்குக் கொஞ்சம் நெருங்கி வந்ததாகத் தோன்றும். சராசரியாக நோயாளிகளில் பாதிப்பேரைக் கொல்லும் நோய் அது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை ஏறத்தாழ 28,600 பேரைத் தாக்கி 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆனால் அது உடல் திரவங்களின் வழியே, பெரும்பாலும் நோயாளி படுத்த படுக்கையாகிவிட்ட பிறகும் இறந்த பிறகும், அருகிருந்து பராமரித்தவர்களுக்கே தொற்றியது.

இங்கே காலம் என்ற மூன்றாவது கேள்வி வருகிறது. என் மதிப்பில் இது மற்ற இரண்டையும்விட முக்கியமானது. கிருமி தொற்றியவர், தமக்கு நோய் இருப்பது தெரிவதற்கு முன்பே அதைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறாரா? சார்ஸ் நோயாளிகள் நோய் முற்றிய பிறகே அதிகமாகப் பரப்பினார்கள். அதனால் காய்ச்சல் கண்டவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியே 2003 ஜூலைக்குள் உலகம் அதை அடக்க முடிந்தது. அதன் நெருங்கிய உறவான கோவிட் வைரஸ் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே பரவியது. விளைவை நாம் எல்லோரும் வாழ்ந்து அறிந்தோம். எச்ஐவி பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் உடலில் தங்கும். புதிய நோயைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் அனுமதி என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

பரவும் நோய்கள் காலப்போக்கில் தாமாகவே சாதுவாகிவிடும் என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அதை நம்பி ஒரு முடிவுக்கு வராதீர்கள். பெரியம்மையின் கொடிய வகை, நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்களோடு வாழ்ந்த பிறகும் பத்தில் மூன்று பேரைக் கொன்றுகொண்டேதான் இருந்தது. கோழிகளைத் தாக்கும் மாரெக் நோயின் கிருமி, கடந்த பல பத்தாண்டுகளில் மேலும் கடுமையாகியிருக்கிறது. கிருமிக்கு வேண்டியது தன் வழித்தோன்றல்கள் பெருகுவதுதான். நோயாளி பரப்ப வேண்டியதைப் பரப்பி முடித்துவிட்டால், அதன்பின் அவர் பிழைத்தாலும் இறந்தாலும் கிருமிக்கு இழப்பில்லை.

நோயால் அற்றுப்போன உயிரினங்களைப் பாருங்கள்

மனிதர்களின் வரலாற்றோடு நின்றுவிட்டால் ஆய்வு பாதிதான். நோய் ஓர் உயிரினத்தை முழுமையாக அழித்த நிகழ்வுகள் உண்டா என்று தேடுங்கள். உண்டு, அவை எப்படி நடந்தன என்பதை அறிவதே இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வெளிச்சம்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில், வேறெங்கும் இல்லாத இரண்டு எலி இனங்கள் வாழ்ந்தன. 1899இல் ஒரு கப்பலோடு கறுப்பு எலிகள் வந்து இறங்கின. அவற்றின் உடலில் இருந்த ஓர் ஒட்டுண்ணி உள்ளூர் எலிகளுக்குத் தொற்றியது. 1908க்குள் இரண்டு இனங்களுமே மறைந்துவிட்டன. உலகெங்கும் தவளைகளையும் அவற்றின் உறவினங்களையும் தாக்கும் ஒரு தோல் பூஞ்சையைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, குறைந்தது 501 இனங்கள் அதனால் குறைந்துபோயின என்றும் அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் கண்டது. டாஸ்மேனியாவில் 1996இல் முதலில் காணப்பட்ட, கடியின் வழியே தொற்றும் முகப் புற்றுநோய், அங்குள்ள டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆனால் அந்த இனம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இவற்றை அருகருகே வைத்தால் காரணம் துலங்கும். ஒரு கிருமி ஒரே இனத்தை மட்டும் நம்பி வாழ்ந்தால், அந்த இனம் அருகிக்கொண்டே வரும்போது கிருமிக்கும் அடுத்த உடல் கிடைப்பது அரிதாகிறது. கடைசி உயிர் இறப்பதற்கு முன்பே பெரும்பாலும் தொற்றின் சங்கிலி அறுந்துவிடுகிறது. அந்தச் சங்கிலி அறாமல் இருக்க வேண்டுமானால், கிருமிக்கு வேறொரு புகலிடம் வேண்டும். கிறிஸ்துமஸ் தீவில் கறுப்பு எலிகள் அந்தப் புகலிடமாயின. அவை நோயைத் தாங்கிக்கொண்டு, தாங்க முடியாத இனத்துக்கு அதைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தன. தவளைப் பூஞ்சையோ நீரில் நீந்திச் செல்லும் வித்துகளை உடையது. சாகாமல் அதைச் சுமக்கும் இனங்களும் பல உண்டு. அழிந்த எலி இனங்கள் ஒரே தீவில் அடைபட்டிருந்தன. அழிந்த தவளைகளில் பல, ஒரு மலைத்தொடரின் சில ஓடைகளில் மட்டும் வாழ்ந்தவை. டாஸ்மேனியன் டெவிலுக்கு நேர்ந்ததில் வேறொரு பாடம் இருக்கிறது: இனச்சேர்க்கையோடு பிணைந்த கடி, எண்ணிக்கை குறைந்தாலும் நிற்பதில்லை என்பதால், கூட்டம் கலைந்தபின்னும் அந்த நோய் தொடர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் 1950இல் முயல்களை ஒழிக்கவென்றே மிக்சோமா வைரஸைப் பரவவிட்டார்கள். தொடக்கத்தில் அது தொற்றிய முயல்களில் நூற்றுக்கு 99ஐக் கொன்றது. சில ஆண்டுகளுக்குள், முயலைச் சற்று அதிக நாள் உயிரோடு விட்டுவைத்து அதனால் கொசுக்களின் வழியே அதிகம் பரவிய வைரஸ் வகைகள் மேலோங்கின. பிழைத்த முயல்களின் சந்ததியும் நோயைத் தாங்கப் பழகியது. ஓர் இனத்தை அழிக்க வேண்டும் என்ற தெளிவான நோக்கத்தோடு, ஒரு கண்டத்தையே களமாகக் கொண்டு, மிகக் கொடிய கிருமியைக் கொண்டு செய்த முயற்சி அது. முயல்கள் இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது இந்த அளவுகளை மனிதருக்குப் பொருத்துங்கள். நாம் பரந்த கண்டங்களிலும் தனித்த தீவுகளிலும் பனிப்பாலைகளிலும் வாழ்கிறோம். நம் உடல்கள் கிருமிகளை அடையாளம் காணும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றன. எச்ஐவி வைரஸின் பெரும்பாலான வகைகள் நுழைய முடியாதபடி ஒரு மரபணு மாற்றத்தைத் தாயிடமும் தந்தையிடமும் பெற்றுப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முயலுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு: கதவைச் சாத்தத் தெரியும். 1918 நவம்பரில் இன்ஃப்ளூயன்ஸாவைச் சுமந்து வந்த ஒரு கப்பலை, பசிபிக் பெருங்கடலில் உள்ள மேற்குச் சமோவா அனுமதித்தது. அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்கள் இறந்தார்கள். மிக அருகிலிருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே அந்த நோயால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மூன்று லட்சம் ஆண்டுகளின் சாட்சியம்

நம் இனத்தின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள். இயற்கையான காரணங்களால் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நம் இனம் அழியும் வாய்ப்பு இருந்திருந்தால், இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கவே முடியாது. இந்த எளிய எண்ணத்தைக் கணிதமாக்கி, 2019இல் ஆக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு மேல்வரம்பை வெளியிட்டார்கள். நோய், எரிமலை, விண்கல் என எல்லா இயற்கைக் காரணங்களையும் சேர்த்தாலும் அந்த வாய்ப்பு ஆண்டுக்கு 14,000இல் ஒன்றுக்கும் குறைவு என்பது ஏறத்தாழ உறுதி. 87,000இல் ஒன்றுக்கும் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இவை மேல்வரம்புகள் மட்டுமே. உண்மையான அளவு இதற்கும் மிகக் கீழே இருக்கலாம்.

இந்த வாதத்தை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். நம் முன்னோர் ஒரே நாளில் கண்டம் விட்டுக் கண்டம் பறந்ததில்லை. கோடிப்பேர் நெருக்கியடித்து வாழும் நகரங்கள் அவர்களுக்கு இல்லை. ஒரே கூரையின் கீழ் பல்லாயிரம் கோழிகளையோ பன்றிகளையோ அடைத்து வளர்த்து, விலங்கின் கிருமி மனிதருக்குத் தாவ வழி அமைத்ததும் இல்லை. மறுபக்கம், அவர்களிடம் தடுப்பூசியோ நுண்ணோக்கியோ கிருமி என்ற கருத்தோகூட இல்லை. 2020 ஜனவரியில் கோவிட் வைரஸின் மரபணு வரிசை வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில், சோதனைகளைக் கடந்த தடுப்பூசி பொதுமக்களுக்குப் போடத் தொடங்கியாயிற்று. பெரியம்மை 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இரண்டு பக்கத்தையும் தராசில் இட்டபின், இயற்கையாகத் தோன்றும் நோய் மனித இனத்தை முற்றாக அழிக்கும் வாய்ப்பு மிகமிகச் சிறியது என்ற முடிவுக்கே நான் வருகிறேன். ஆனால் இயற்கையாகத் தோன்றும் நோய் கோடிக்கணக்கானோரைக் கொல்லும் வாய்ப்பு, நம் வாழ்நாளிலேயே மீண்டும் சந்திக்க வேண்டிய அளவு பெரியது. பறவைக் காய்ச்சலின் எச்5என்1 வகை மனிதருக்குத் தொற்றிய நிகழ்வுகள் 2003 முதல் 900க்கும் மேல் பதிவாகியுள்ளன. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். அது மனிதரிடையே எளிதில் பரவும் ஆற்றலைப் பெறவில்லை என்பதே இன்றைய நிம்மதி. லேசான நோயாளிகள் பலர் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்ற முன்சொன்ன எச்சரிக்கையையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

மனிதர் கைபடும் இடத்தில் கணக்கு மாறுகிறது

மேலே சொன்ன அனைத்தும் இயற்கைத் தேர்வின் கட்டுக்குள் வாழும் கிருமிகளைப் பற்றியவை. பரவும் வேகமும் கொல்லும் ஆற்றலும் ஒன்றாக உச்சத்தில் இருக்கும் கிருமி இயற்கையில் அரிது என்பதுதான் நம் பாதுகாப்பின் பெரும்பகுதி. பரிணாமத்துக்கு நோக்கம் கிடையாது. மனிதருக்கு உண்டு. ஆகவே மூன்று லட்சம் ஆண்டுகளின் சாட்சியத்தை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றத் தொடங்கிய ஆற்றல்களுக்கு எதிராக நிறுத்தக் கூடாது. அழிவு பற்றிய செய்தியை நீங்கள் ஆராயும்போது, பேசப்படும் கிருமி காட்டிலிருந்து வருவதா, ஆய்வுக்கூடத்திலிருந்து வருவதா என்று கட்டாயம் பிரித்துக் கேளுங்கள்.

நடந்தவற்றைப் பாருங்கள். பெரியம்மை இயற்கையில் கடைசியாக 1977இல் சோமாலியாவில் காணப்பட்டது. அதற்கு மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில் பணியாற்றிய ஒருவர் அதே நோயால் இறந்தார். 1979இல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ராணுவ நிலையம் ஒன்றிலிருந்து ஆந்த்ராக்ஸ் வித்துகள் காற்றில் கசிந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் அந்த நாடு 1972இலேயே கையெழுத்திட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கையெழுத்திட்ட நாடுகள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று நேரில் சென்று சரிபார்க்கும் அமைப்பு இன்றுவரை இல்லை. வேதியியல் ஆயுதங்களுக்கு அத்தகைய ஆய்வாளர் படை இருக்கிறது. இந்தக் குறை எனக்குப் பெருங்கவலை தருகிறது; வரவிருக்கும் நோய்களைப் பற்றிய எத்தனையோ பரபரப்புச் செய்திகளுக்கு நடுவில் இதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே.

2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறொரு நோக்கத்தோடு எலியம்மை வைரஸில் ஒரு மாற்றம் செய்தபோது, தடுப்பூசி போட்ட எலிகளையும் கொல்லும் வைரஸ் எதிர்பாராமல் உருவானதாக அறிவித்தார்கள். 1918இன் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் 2005இல் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் உருவாக்கப்பட்டது. 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் இணைந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல மூலக்கூறுகள் இடவலம் மாறி அமைந்த ‘கண்ணாடி பாக்டீரியா’வை யாரும் உருவாக்க வேண்டாம் என்று வேண்டினார்கள். மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் எதிர்ப்பு ஆற்றலால் அதை அடையாளம் காண இயலாமல் போகக்கூடும் என்பது அவர்கள் அச்சம். அப்படி ஒன்றைச் செய்யும் திறன் இன்று எவரிடமும் இல்லை. தம் துறையிலேயே வரக்கூடிய ஆபத்தை, அது வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெளிப்படையாகச் சொன்ன அந்த ஆய்வாளர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு எண் தர முயன்றவர்கள் உண்டு. தத்துவ அறிஞர் டோபி ஆர்ட் 2020இல், அடுத்த நூறு ஆண்டுகளில் மனித குலத்தின் எதிர்காலத்தையே பறிக்கும் பேரிடர் இயற்கைப் பெருந்தொற்றால் வரும் வாய்ப்பைப் பத்தாயிரத்தில் ஒன்று என்றும், செயற்கையாக உருவாக்கப்பட்ட கிருமியால் வரும் வாய்ப்பை முப்பதில் ஒன்று என்றும் கணித்தார். இத்தகைய எண்களை வெப்பமானியின் அளவைப் போலப் படிக்காதீர்கள். அவை ஆழ்ந்து சிந்தித்த ஒருவரின் தனிக் கணிப்புகள். இரண்டாவது எண் மிக அதிகம் என்று கருதுவோர் பலர், நானும் அப்படியே கருதுகிறேன். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே முந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். எண்களில் உடன்படாதவர்களும் அந்த ஏற்றத்தாழ்வின் திசையில் பெரும்பாலும் உடன்படுகிறார்கள்.

நேரடியாகக் கொல்லாத வழிகள்

கிருமியால் இறப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது. மருத்துவர்களும் மின்நிலையப் பணியாளர்களும் சரக்கு ஓட்டுநர்களும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் எண்ண வேண்டும். இதற்கு நம்மிடம் உள்ள சான்றுகள் குறைவு, இருப்பவை ஓரளவு நம்பிக்கை தருபவை. பாதி மக்களை இழந்த பிறகும் பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பியர் பல இடங்களில் அறுவடையைத் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் உழைப்பாளிகள் அரிதாகிக் கூலி உயர்ந்ததால், அதைக் கட்டுப்படுத்த 1351இல் சட்டமே இயற்றினார்கள். ஆனால் அவர்கள் தம் உணவைத் தாமே விளைவித்தவர்கள். கடல் கடந்து வரும் உரத்தையும் மருந்தையும் நம்பி வாழும் இன்றைய சமூகம் அதே அடியை எப்படித் தாங்கும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லை. ஆகவே இந்த இடத்தில் உங்கள் கணிப்பில் ஒரு பெரிய ஐயப்பரப்பை விட்டுவையுங்கள்.

கணிப்பை எழுதி வையுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகு, உங்கள் முடிவைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். நோய், இப்போது தெரிந்த இறப்பு விகிதம், அது எந்த நூறைக் குறிக்கிறது, அறிகுறிக்கு முன் பரவுகிறதா, மனிதருக்கு வெளியே புகலிடம் உண்டா, மனிதர் கைபட்டதா என்பவற்றை ஒவ்வொரு வரியில் குறியுங்கள். கீழே இரண்டு விடைகளைத் தனித்தனியே எழுதுங்கள்: பெரும் உயிரிழப்பு நேருமா, மனித இனம் அற்றுப்போகுமா. ஒன்றின் விடை மற்றதன் மேல் படியக் கூடாது. பெரும்பாலான நோய்களுக்கு இரண்டாம் வரியில் இல்லை என்றே வரும். முதல் வரியில் ஆம் என்று வந்தால், அதுவே செயலில் இறங்கப் போதிய காரணம். தடுப்பூசி இருந்தால் போட்டுக்கொள்வது, காய்ச்சலோடு வெளியே போகாதிருப்பது, மூடிய அறைகளில் காற்றோட்டத்துக்கு வழி செய்வது, கழிவுநீரில் கிருமிகளைக் கண்காணிக்கும் திட்டங்களுக்கும் ஆய்வுக்கூடப் பாதுகாப்புக்கும் பணம் ஒதுக்குமாறு மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்பது ஆகிய அனைத்தும் முதல் வரிக்கு உரியவை. இரண்டாம் வரியின் சிறு ஆபத்தையும் இவையே குறைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே மாதம் ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கையில் உங்கள் அரசு எங்கே நிற்கிறது என்றும் கேளுங்கள்.

பிறகு, எந்தச் செய்தி வந்தால் முடிவை மாற்றுவீர்கள் என்பதையும் அதே தாளில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். என் தாளில் நான்கு வரிகள் இருக்கின்றன: பாதிக்கு மேல் கொல்லும் ஒரு வைரஸ் மனிதரிடையே காற்றின் வழியே தொடர்ந்து பரவுகிறது என்ற உறுதியான அறிவிப்பு, அது அறிகுறி தோன்றுவதற்குப் பல நாட்கள் முன்பே பரவுகிறது என்ற சான்று, தொற்றியவர்களில் எவருக்குமே எதிர்ப்புச் சக்தி உருவாகவில்லை என்ற ஆய்வு முடிவு, கண்ணாடி உயிரி போன்ற ஒன்றை எவரோ உருவாக்கிவிட்டார் என்ற செய்தி. இவற்றில் ஒன்றும் இன்றுவரை வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, பழைய கணிப்பை அடிக்காமல், புதியதை அதற்குக் கீழே தேதியிட்டு எழுதுகிறேன்.